பழைய ஒர்க்ஸ்டேஷன் டிஸ்கைப் படி எடுப்பது: சுவிட்சைப் போடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்

பெரியப்பா பெங்களூர் பீன்யாவில் பிரஸ் டூல் டிசைன் செய்து கொடுக்கும் சிறிய கம்பெனி நடத்தினார். அதை மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பொருள் சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 என்ற ஒர்க்ஸ்டேஷன், டிசைன் வேலைக்கான கணினி. அல்சூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய பெட்ஷீட் போர்த்தி, இருபது வருஷம் கிடந்தது. போன வருஷம் வீட்டை இடித்துக் கட்டுவது என்று முடிவானதும் என்னைக் கூப்பிட்டார். "டேய், என் வேலையெல்லாம் அதுக்குள்ளதான்டா இருக்கு. எடுக்க முடியுமா பாரு." அன்று சாயங்காலமே அதை மேஜைமேல் தூக்கி வைத்து, மானிட்டர் மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

போட்டிருக்கக் கூடாது. உள்ளே இரண்டு டிஸ்க். முதல் டிஸ்கிலிருந்து சன்னின் இயங்குதளமான சோலாரிஸ் எழும்பத் தொடங்கி, ஃபைல் சிஸ்டம் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே, கீச்சென்று ஒரு சத்தம். டிஸ்க் நின்றுவிட்டது. பிறகு சுழலவே இல்லை. பெரியப்பாவின் கடிதங்கள் பெரும்பாலும் அதில்தான் இருந்தன. இரண்டாவது டிஸ்கை நான்கு மாதம் தொடவில்லை. கற்க வேண்டியதைக் கற்று, வாங்க வேண்டியதை வாங்கி, ஒரே ஒரு தடவை சுழலவிட்டுப் படி எடுத்தேன். 2.1 ஜிபி, 12 நிமிஷம்.

அந்த நான்கு மாதத்தையும் அந்த முதல் டிஸ்கையும் நீங்கள் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சன், சிலிக்கான் கிராஃபிக்ஸ், ஹெச்பி, டெக், ஐபிஎம் என்று 1990களின் ஒர்க்ஸ்டேஷன் எது கையில் கிடைத்தாலும் வழி ஏறக்குறைய இதுதான். கடைகளைப் பற்றிச் சொல்வது மட்டும் பெங்களூருக்கு.

ஒரு விதியை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகுதான் டிஸ்குக்குக் கரண்ட். "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஒரு தடவைகூடப் போடாதீர்கள். அந்தத் தடவையே கடைசித் தடவையாக இருக்கலாம்.

1. முதலில் தாள்

சொந்தக்காரருடைய இயந்திரம்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். கம்பெனி வேலை செய்த டிஸ்கில் வாடிக்கையாளரின் வரைபடம் இருக்கும், ஊழியர்களின் சம்பளக் கணக்கு இருக்கும், பிறர் எழுதிய அஞ்சல் இருக்கும். உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் கணினியைத் திறப்பதும் தகவலை நகலெடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவுக்குள் வரும். அதைத் தெரிந்தே, நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு பக்கக் கடிதம் போதும். இயந்திரத்தின் மாடல், சீரியல் நம்பர், டிஸ்க்குகளின் சீரியல் நம்பர், யாருக்குச் சொந்தம், படி எடுக்க யாருக்கு அனுமதி, எதைத் திறக்கலாம், வேலை முடிந்ததும் டிஸ்கையும் படியையும் என்ன செய்வது, கையெழுத்து, தேதி. பெரியப்பா தன் கடிதத்தில் "சம்பள ஃபோல்டரைத் திறக்க வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தார். இப்படி ஒரு வரி எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது.

ஸ்கிராப் வியாபாரியிடம் வாங்கிய இயந்திரம் என்றால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், அதில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். ஆனால் அந்த பில்லால் உங்களுக்குக் கிடைப்பது இரும்பு மட்டுமே. உள்ளே இருக்கும் தகவல் பழைய கம்பெனியுடையதுதான். உடம்பில் இன்னும் ஒரு கம்பெனியின் சொத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

நேரம்: வீட்டு ஆள் என்றால் ஒரு நாள், கம்பெனி என்றால் இரண்டு மூன்று வாரம். செலவு எதுவும் கிடையாது.

2. கழற்று, படம் எடு, எழுதி வை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். எதையும் தொடும் முன் படம். டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது, கேபிள் எந்தப் பக்கம், எந்த ஜம்பர் (பின்களின்மேல் செருகும் சின்ன மூடி) எங்கே செருகியிருக்கிறது, டிஸ்கின் லேபிள் நான்கு பக்கமும். ஸ்பார்க்ஸ்டேஷன் 20-இல் இரண்டு டிஸ்க் இடங்கள். ஸ்கஸி என்பது அந்தக் காலத்து டிஸ்க் இணைப்பு முறை, அதில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஓர் ஐடி எண். இங்கே ஸ்கஸி ஐடி 3 ஒன்று, 1 ஒன்று. சன் பழக்கத்தில் 3-தான் பூட் டிஸ்க், அதாவது கணினி எழும்பும் டிஸ்க். சிலிக்கான் கிராஃபிக்ஸ் இயந்திரத்தில் பூட் டிஸ்க் பொதுவாக 1. எது எங்கே இருந்தது என்பது பின்னால் மவுன்ட் செய்யும்போது, அதாவது உள்ளிருக்கும் கோப்புகளைத் திறக்கும்போது, தேவைப்படும்.

மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் 'ஏ', 'பி' என்று எழுதி, ஒரு நோட்டில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இனி நடப்பதெல்லாம் தேதி, மணியோடு அந்தப் பக்கத்தில். ஆன்டிஸ்டாட்டிக் உறை இல்லாவிட்டால் மதர்போர்டு வந்த உறையே போதும்.

தூசியைத் துடைக்க டிஸ்கின் மேல்மூடியைத் திறக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடவே கூடாது. மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளையை ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கவும் கூடாது.

3. இது எந்த வகை டிஸ்க்

இங்கேதான் என் நாள்கள் அதிகம் போயின. கனெக்டரைப் பாருங்கள்.

40 பின், இரண்டு வரிசை, பக்கத்தில் நான்கு பின் பவர்: ஐடிஇ. சன் அல்ட்ரா 5, அல்ட்ரா 10, பிளேடு 100 இதில் வரும். உங்கள் வேலை சுலபம்.

50 பின்: அகலம் குறைந்த ஸ்கஸி. 68 பின், நெருக்கமான சின்னப் பின்கள்: வைடு ஸ்கஸி. 80 பின், பவரும் தகவலும் ஒரே கனெக்டரில்: எஸ்சிஏ. ஸ்பார்க்ஸ்டேஷன் 20, சன் அல்ட்ரா 1, அல்ட்ரா 2, சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஓ2, ஆக்டேன் எல்லாம் எஸ்சிஏ.

34 பின் ஒன்றும் 20 பின் ஒன்றுமாக இரண்டு தனி ரிப்பன் பட்டை போனால் அது இன்னும் பழசு: எம்எஃப்எம் அல்லது ஈஎஸ்டிஐ. எம்எஃப்எம்-க்குப் பீகிள்போன் என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டின்மேல் ஓடும் ரீடர் கருவி ஒன்று உண்டு. அது வேறு உலகம். இந்தக் கட்டுரை அங்கே உதவாது.

சீகேட் டிஸ்க் என்றால் மாடல் நம்பரின் கடைசி எழுத்துகளே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 'என்' என்று முடிந்தால் 50 பின். 'டபிள்யூ' என்றால் 68. 'டபிள்யூசி' அல்லது 'எல்சி' என்றால் 80. 'டபிள்யூடி' அல்லது 'என்டி' என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அந்த 'டி' டிஃபரென்ஷியல், அதாவது ஹெச்விடி. கனெக்டர் அதேதான், செருகினால் பொருந்தும், ஆனால் மின்சார முறை வேறு. சாதாரண கார்டில் மாட்டினால் கார்டோ டிஸ்கோ புகையலாம். அதற்கு ஹெச்விடி கார்டே வேண்டும். மற்றக் கம்பெனி டிஸ்க்குகளில் லேபிளில் 'டிஃப்' அல்லது 'ஹெச்விடி' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். சந்தேகம் என்றால் மாடல் நம்பரைப் போட்டு மேனுவல் பிடிஎஃப் எடுங்கள். பெரும்பாலான பழைய டிஸ்க்குகளுக்கு இன்றும் கிடைக்கிறது.

அந்த மேனுவலில் மூன்று ஜம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஐடி, டெர்மினேஷன் (கேபிள் முனையில் சிக்னல் திரும்பி வராமல் தடுப்பது), ரைட் புரொடெக்ட் (டிஸ்கில் எழுதவிடாமல் தடுப்பது). நான்காவதாக ஒன்று பலரை ஏமாற்றும். மோட்டார் ஸ்டார்ட். பல ஸ்கஸி டிஸ்க்குகள் பவர் கொடுத்ததும் சுழலாது. கார்டிடமிருந்து கட்டளை வரும்வரை சும்மா இருக்கும். அதைச் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

4. எஸ்.பி. ரோட்டில் என்ன வாங்குவது

எஸ்.பி. ரோடு பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. அல்சூர் பக்கம் இருந்து வருகிறவர்கள் மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், பச்சை வழிக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலை பதினொன்றரைக்கு மேல் போனால் கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.

முன்வரிசைக் கடைகளில் ஸ்கஸி என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சந்துக்குள், மாடியில், செகண்ட் ஹேண்ட் சர்வர் பாகம் விற்கிறவர்களைக் கேளுங்கள். கேட்கும் முறையும் முக்கியம். நான் முதலில் "ஸ்கஸி கேபிள் இருக்கா" என்று ஏழு கடையில் கேட்டு ஏழிலும் "இல்ல சார்" வாங்கினேன். எட்டாவது கடையில் கேபிளின் படத்தைக் காட்டினேன். வேலூர்க்காரர், வயது அறுபது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ரீஃபில் முனையால் படத்தின்மேல் பின்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "தம்பி, இது அறுபத்தெட்டு. பழைய டேப் டிரைவோட வரும். நாளைக்கு வாங்க, குடோன்ல பாக்கறேன்." மறுநாள் கேபிளும் இருந்தது, முனையில் டெர்மினேட்டரோடு. படத்தை போனில் வைத்துக்கொண்டு போங்கள். தமிழிலோ கன்னடத்திலோ பேசுங்கள், ஆனால் பின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

வாங்க வேண்டியவை, எனக்கு ஆன விலையோடு:

பிசிஐ ஸ்லாட் (கார்டு செருகும் பழைய வகை இடம்) உள்ள பழைய டெஸ்க்டாப், கோர் 2 டுவோ காலத்தது, 2 ஜிபி ரேம்: 2,800 ரூபாய். இன்றைய மதர்போர்டில் பழைய பிசிஐ ஸ்லாட் அநேகமாகக் கிடையாது, அதனால் இது தவிர்க்க முடியாத செலவு. வாங்கும் முன் மூடியைத் திறக்கச் சொல்லி அந்த வெள்ளை ஸ்லாட் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடாப்டெக் ஸ்கஸி கார்டு: 1,500 ரூபாய். 2940 அல்லது 29160 கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இரண்டும் லினக்ஸில் டிரைவர் தேடாமல் ஓடும். 29160 நீளமான 64 பிட் கார்டு, ஆனால் சாதாரண ஸ்லாட்டிலும் வேலை செய்யும்; மீதிப் பின்கள் வெளியே தொங்கும், பயப்பட வேண்டாம். அதில் 50 பின் கனெக்டரும் 68 பின் கனெக்டர்களும் தனித்தனியே இருப்பது பெரிய வசதி. ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) என்று கொடுத்தால் வேண்டாம். அது டிஸ்கில் தன் குறிப்பை எழுதிவிடும் ஆபத்து உண்டு.

முனையில் டெர்மினேட்டர் உள்ள 68 பின் கேபிள்: 600. எஸ்சிஏவிலிருந்து 68 பின்னுக்கு மாற்றும் சிறிய போர்டு: 450. இந்தப் போர்டில் ஐடி ஜம்பரும் பவர் சாக்கெட்டும் இருக்க வேண்டும்.

ஐடிஇ டிஸ்க் மட்டும்தான் என்றால் இவை எதுவும் வேண்டாம். யுஎஸ்பி-ஐடிஇ அடாப்டர் 900 ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அதோடு வரும் சின்ன பவர் பிரிக்கை நம்பாதீர்கள். பழைய டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் நிறைய இழுக்கும்; பிரிக் தாங்காமல் டிஸ்க் டக் டக் என்று மறுபடி மறுபடி தொடங்கும். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகப் பவர் கொடுங்கள்.

பழைய டெஸ்க்டாப் வாங்க இடமில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ப்ளூஸ்கஸி, ஜூலூஸ்கஸி என்ற சிறிய போர்டுகள் எஸ்டி கார்டை ஸ்கஸி டிஸ்க்போல் நடிக்கவைப்பவை. ப்ளூஸ்கஸியின் இரண்டாம் பதிப்பிலும் ஜூலூஸ்கஸியின் சில மாடல்களிலும் இனிஷியேட்டர் முறை உண்டு; அதில் போட்டால் தலைகீழாக, உண்மையான டிஸ்கைப் படித்து எஸ்டி கார்டில் இமேஜாக, அதாவது முழு டிஸ்கின் நகலான ஒரே கோப்பாக, எழுதிவிடும். கம்ப்யூட்டரே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், சுங்க வரி தனி, மூன்று நான்கு வாரம் ஆகும். ஆரோக்கியமான டிஸ்குக்கு அருமையான கருவி. கெட்ட செக்டர் (படிக்க முடியாத சின்னத் துண்டு) இருக்கும் என்று சந்தேகம் வந்தால் நான் லினக்ஸ் வழியையே எடுப்பேன்.

இவற்றோடு ஒரு யுபிஎஸ். இரவல் வாங்கியாவது வையுங்கள். படி எடுக்கும் நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் இரண்டாவது முறை சுழல வேண்டிவரும்.

5. ஒத்திகை

எனக்கு நல்ல பலன் கொடுத்த கட்டம் இதுதான். அதே வேலூர்க்காரரிடம் 200 ரூபாய்க்கு ஒரு பழைய ஸ்கஸி டிஸ்க் வாங்கினேன், உள்ளே எதுவும் இல்லாதது. அதைவைத்து முழு வேலையையும் மூன்று தடவை செய்து பார்த்தேன்.

முதல் தடவை கார்டு டிஸ்கைக் காணவேயில்லை. டெர்மினேஷன் தவறு. ஸ்கஸி கேபிளின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் வேண்டும், நடுவில் கூடாது. ஒரு முனையில் கார்டு, அது தானாகப் பார்த்துக்கொள்ளும். மறுமுனையில் கேபிளோடு வரும் டெர்மினேட்டர். டிஸ்க் நடுவில் உள்ள கனெக்டரில். எஸ்சிஏ டிஸ்க்குகளில் டெர்மினேட்டர் கிடையாது, அதனால் கேபிள்தான் கதி. பழைய 50 பின் டிஸ்க்குகள் பலவற்றில் உள்ளேயே உண்டு; அதைக் கேபிளின் கடைசியில் மாட்டி, அந்த ஜம்பரை இருந்தபடியே விட்டால் சரியாகும். 50 பின் டிஸ்கை 68 பின் கேபிளின் கடைசியில் அடாப்டர் போட்டு மாட்டாதீர்கள். தகவல் கம்பிகளில் பாதி டெர்மினேட் ஆகாமல் தொங்கி, படிக்கும்போது தவறுகள் வரும். கார்டின் 50 பின் கனெக்டரை உபயோகியுங்கள்.

இரண்டாவது தடவை ஐடி மோதல். கார்டின் ஐடி 7. டிஸ்குக்கு அதைத் தவிர வேறு எதையாவது கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே டிஸ்க் மாட்டுவது என்று வைத்துக்கொண்டால் தலைவலி மிச்சம்.

மூன்றாவது தடவை எல்லாம் சரியாக நடந்தது. அன்றைக்குத்தான் பெரியப்பாவின் டிஸ்குக்கு நாள் குறித்தேன்.

6. எழுத முடியாதபடி பூட்டுங்கள்

விண்டோஸ் இயந்திரத்தில் இந்த டிஸ்கை மாட்டவே வேண்டாம். டிஸ்கின் தொடக்கத்தில் எழுதியிருக்கும் சன் லேபிளோ சிலிக்கான் கிராஃபிக்ஸ் லேபிளோ அதற்குப் புரியாது. "இந்த டிஸ்கை இனிஷியலைஸ் செய்யவா", "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். வீட்டில் யாராவது வந்து சரி என்று அழுத்தினால் முதல் செக்டர் போய்விடும். அந்த முதல் செக்டரில்தான் பார்ட்டிஷன் விவரம், அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது, முழுதும் இருக்கிறது.

லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் தொடங்கி, மாட்டிய டிஸ்கைத் தானாகத் திறக்கும் ஆட்டோமவுன்டை அணையுங்கள். டிஸ்கில் ரைட் புரொடெக்ட் ஜம்பர் இருந்தால் அதைப் போடுங்கள். இதைவிட உறுதியான பூட்டு கிடையாது. இல்லாவிட்டால் பிளாக்டெவ் கட்டளையால் டிஸ்கை 'ரீட் ஒன்லி' ஆக்குங்கள். இது டிஸ்க் சுழன்ற பிறகுதான் செய்ய முடியும் என்பதால், கட்டளையை முன்கூட்டியே ஒரு ஸ்கிரிப்டில் எழுதிவையுங்கள்.

7. படி எடுக்கும் நாள்

காலையில், வீட்டில் கூட்டம் இல்லாத நேரம். டிஸ்க் மேஜையில் மட்டமாக, கீழே ஒரு பருத்தித் துணி, எதிரே டேபிள் ஃபேன். நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்குகள் கை வைக்க முடியாத அளவு சூடாகும்.

கருவி ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. உபுண்டுவிலும் டெபியனிலும் பொதியின் பெயருக்கு முன்னால் ஒரு ஜி உண்டு, கட்டளையில் அந்த ஜி இல்லை. ஏறக்குறைய அதே பெயரில், நடுவில் அடிக்கோடு போட்ட வேறொரு புரோகிராமும் இருக்கிறது, குழம்பிவிடாதீர்கள். சாதாரண டிடி கட்டளை வேண்டாம். முதல் கெட்ட செக்டரிலேயே நின்றுவிடும்.

டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர் கொடுக்க வேண்டும், இந்த வரிசையில்: எந்த டிஸ்கிலிருந்து, எந்த இமேஜ் கோப்புக்கு, எந்த மேப் கோப்பு. முதல் இரண்டும் இடம் மாறினால் டிஸ்கின்மேல் எழுதச் சொன்னதாகிவிடும்; டிடிரெஸ்க்யூ பொதுவாக மறுக்கும், ஆனால் ஃபோர்ஸ் ஆப்ஷனும் சேர்த்துக் கொடுத்திருந்தால் எழுதப் பார்க்கும். ரைட் புரொடெக்ட் ஜம்பர் இந்த இடத்தில்தான் உங்களைக் காப்பாற்றும். மூன்றாவதை, அதாவது மேப் கோப்பை, மறக்காதீர்கள். எது படித்தாயிற்று, எது மீதி என்பது அதில்தான் பதிவாகிறது. அது இல்லாமல் நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் மைனஸ் டி, மைனஸ் என் இரண்டையும் சேருங்கள். டி என்பது நேரடிப் படிப்பு. என் என்பது கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்வது. நன்றாக இருக்கும் பகுதியெல்லாம் முதலில் கைக்கு வந்துவிடும். அது முடிந்த பிறகு, அதே மூன்று பெயரோடு, 'மைனஸ் என்' ஆப்ஷனை எடுத்துவிட்டு, மைனஸ் ஆர் மூன்று என்று கொடுத்து இரண்டாவது ஓட்டம். அப்போதுதான் கெட்ட செக்டர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் டிஸ்கை அணைக்காதீர்கள்.

சுவிட்ச் போட்டதும் சத்தத்தைக் கேளுங்கள். விமானம் கிளம்புவதுபோல் மெல்ல ஏறும் சத்தம், பிறகு தட்டைப் படிக்கும் தலைகள் விடுபடும் ஒரு சின்ன 'க்ளக்', பிறகு ஒரே சீரான இரைச்சல். பெரியப்பா எனக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த 'க்ளக்' வந்ததும், "இதே சத்தம்தான்டா, தினமும் காலைல ஒன்பது மணிக்கு" என்றார்.

நேரக் கணக்கு: அந்தக் காலத்து 2 ஜிபி டிஸ்க் நொடிக்கு 3 எம்பி வேகத்தில் பன்னிரண்டு நிமிஷத்துக்குள். 9 ஜிபி டிஸ்க் 5 எம்பி வேகத்தில் அரை மணி. கெட்ட செக்டர் இருந்தால் இரண்டாவது ஓட்டம் மட்டுமே மணிக்கணக்கில் இழுக்கும். எங்கள் டிஸ்கில் 11 செக்டர் கடைசிவரை வரவில்லை. ஒரு செக்டர் 512 பைட், ஆகப் போனது 5.5 கேபி. அதை நோட்டில் எழுதினேன்.

முடிந்ததும் இமேஜுக்கு, கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண் எடுத்து அதே பக்கத்தில் எழுதுங்கள். பிறகு வேறு இரண்டு இடங்களில் நகல். கோப்பின் அனுமதியை 'படிக்க மட்டும்' என்று மாற்றுங்கள். டிஸ்கை இப்போது அணைக்கலாம்.

8. சுழலாவிட்டால்

ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்து, இருப்பதும் போகும். சுத்தியல், ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டாதீர்கள். டக் டக் என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே அணையுங்கள். அது தலை பழுது, ஒவ்வொரு அடியும் தட்டைக் கீறலாம்.

சத்தமே இல்லையென்றால் முதலில் மோட்டார் ஸ்டார்ட் ஜம்பரையும் பவர் கேபிளையும் பாருங்கள். அதற்குப் பிறகும் இல்லையென்றால் தலைகள் தட்டோடு ஒட்டியிருக்கலாம். பழைய ஆட்கள் டிஸ்கைக் கையில் மட்டமாகப் பிடித்து, மணிக்கட்டைச் சட்டென்று திருப்பி விடுவித்துவிடுவார்கள். சில நேரம் பலிக்கும், சில நேரம் தலையே பிய்ந்துவிடும். உள்ளே இருப்பது ஒருவருக்கு உயிரானது என்றால் இதைச் செய்யாமல் மீட்பு நிலையத்துக்குப் போங்கள்.

போகும் முன் போனில் மூன்று கேள்வி. ஸ்கஸி டிஸ்க் எடுப்பீர்களா? பார்த்துச் சொல்ல எவ்வளவு? எதுவும் வராவிட்டால் எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் முதல் டிஸ்கை வாங்கிக்கொண்ட ஓரிடத்தில் ஸ்கஸி என்பதையே கவனிக்காமல் இரண்டு மாதம் வைத்திருந்து, பார்வைக் கட்டணம் 3,000 எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். பணத்தைவிட அந்த இரண்டு மாதமும் பெரியப்பா நம்பிக்கையோடு காத்திருந்ததுதான் எனக்கு வருத்தம்.

9. இமேஜைத் திறப்பது

இனி டிஸ்குக்கு வேலை இல்லை, எல்லாம் நகலின்மேல்தான். லினக்ஸில் லோசெட்டப் கட்டளையை 'படிக்க மட்டும்', 'பார்ட்டிஷன் தேடு' என்ற இரண்டு ஆப்ஷனோடு இமேஜின்மேல் ஓட்டினால் பார்ட்டிஷன்கள் தனித்தனி டிஸ்க்போல் தெரியும். சன் லேபிளும் சிலிக்கான் கிராஃபிக்ஸ் லேபிளும் உபுண்டு கெர்னலுக்குத் தெரியும்.

சன் டிஸ்கில் மூன்றாவது பார்ட்டிஷன் முழு டிஸ்க் அளவில் தெரியும். அது தவறில்லை. சன் எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குவதால் அதற்கு ஸ்லைஸ் 2 என்று பெயர், முழு டிஸ்கையும் குறிக்கும் வழக்கமான ஸ்லைஸ். அதை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.

மவுன்ட் செய்யும்போது சோலாரிஸ் ஸ்பார்க் என்றால் ஃபைல் சிஸ்டம் வகை யூஎஃப்எஸ், அதோடு யூஎஃப்எஸ்டைப் 'சன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தவறான சூப்பர்பிளாக் என்று திட்டும், இமேஜ் கெட்டுவிட்டது என்று நினைத்து மனம் உடைவீர்கள். இன்டெல் சோலாரிஸ் என்றால் 'சன்எக்ஸ்86'. நெக்ஸ்ட் இயந்திரத்துக்கு 'நெக்ஸ்ட்ஸ்டெப்' என்றே ஒரு வகை உண்டு.

சிலிக்கான் கிராஃபிக்ஸின் இயங்குதளம் ஐரிக்ஸ். பழைய ஐரிக்ஸ் என்றால் ஃபைல் சிஸ்டம் ஈஎஃப்எஸ். லினக்ஸில் படிக்க மட்டும் உதவும் டிரைவர் உண்டு. பிறகு வந்தது எக்ஸ்எஃப்எஸ். அதை 'ரீட் ஒன்லி' என்பதோடு 'நோரெகவரி' என்றும் சேர்த்து மவுன்ட் செய்யுங்கள். ஆரம்பகால எக்ஸ்எஃப்எஸ் என்றால் லினக்ஸ் மறுக்கும்.

ஐபிஎம் ஏஐஎக்ஸின் ஜேஎஃப்எஸ்ஸும் லினக்ஸின் ஜேஎஃப்எஸ்ஸும் பெயரில்தான் ஒன்று. அந்த வழியில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

லினக்ஸ் மறுக்கும் இடத்தில் அந்தக் காலத்து இயந்திரத்தையே எமுலேட்டரில், அதாவது அதைப்போல் நடிக்கும் மென்பொருளில், எழுப்பலாம். கியூஎமு ஸ்பார்க்ஸ்டேஷன் 5-ஐயும் 20-ஐயும் எமுலேட் செய்யும். மேம் என்ற இன்னொரு எமுலேட்டர் சிலிக்கான் கிராஃபிக்ஸ் இண்டியை எமுலேட் செய்யும். இமேஜின் ஒரு நகலை அதில் மாட்டினால் பழைய யூனிக்ஸே தன் டிஸ்கைப் படிக்கும். ரூட் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பது பெரிய தடை இல்லை. மவுன்ட் செய்து படிக்க அது தேவையே இல்லை. எமுலேட்டரில் உள்ளே நுழைய வேண்டுமானால் நகலில் பாஸ்வேர்டு விவரம் இருக்கும் ஷேடோ கோப்பைத் திருத்திக்கொள்ளலாம். அதற்கும் 1-வது பகுதியில் வாங்கிய கடிதம் இருக்க வேண்டும்.

10. தமிழ்க் கோப்புகள் குப்பையாகத் தெரிந்தால்

இரண்டாவது டிஸ்கில் வரைபடங்களோடு ஒரு தார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது) இருந்தது. அதற்குள் நாற்பது சொச்சம் கடிதங்கள், பெரியப்பா எப்போதோ எடுத்துவைத்த பேக்கப். திறந்தால் லத்தீன் எழுத்தின் தலையில் கொம்பும் புள்ளியுமாக ஒரு குவியல். கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடு பரவும் முன் தமிழ் அப்படித்தான் சேமிக்கப்பட்டது. டிஸ்கி, டேப், டேம், பாமினி என்று பல குறியாக்கங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் இவற்றை யூனிகோடுக்கு மாற்றும். எது என்று தெரியாவிட்டால் ஒரே பத்தியை எடுத்து ஒவ்வொன்றாக முயலுங்கள், சரியானது வந்ததும் கண்ணுக்கே தெரிந்துவிடும். எங்களுக்கு இரண்டாவது முயற்சியில் டிஸ்கி என்று தெரிந்தது. "அன்புள்ள தம்பிக்கு" என்று முதல் வரி வந்தது. அந்தத் தம்பி என் அப்பா.

மூலக் கோப்பை மாற்றாமல், மாற்றியதைத் தனியே சேமியுங்கள்.

11. கடைசியில் டிஸ்க்

படி எடுத்தாயிற்று என்று டிஸ்கைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். குறைந்தது ஆறு மாதம், இமேஜிலிருந்து வேண்டியதெல்லாம் வந்துவிட்டதா என்று உரிமையாளர் பார்த்துச் சொல்லும்வரை, உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பிறகு அகற்றுவது என்று முடிவானால், மின்கழிவு விதிகள் 2022-இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, டிஸ்க் சீரியல் நம்பரோடு அழிப்புச் சான்றிதழ் வாங்குங்கள். கம்பெனி டிஸ்க் என்றால் இந்தத் தாள் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

மொத்தச் செலவு எனக்கு, ஒத்திகை டிஸ்கையும் சேர்த்து, 5,550 ரூபாய், மீட்பு நிலையத்துக்குக் கொடுத்த 3,000 தனி. யுபிஎஸ் இரவல். இப்போது எல்லாம் தெரிந்து தொடங்குகிற ஒருவருக்கு, வீட்டு ஆளுடைய இயந்திரம் என்றால், தாளுக்கு ஒரு நாள், எஸ்.பி. ரோட்டுக்கு இரண்டு நாள், ஒத்திகைக்கு ஒரு நாள், படி எடுக்க ஒரு காலை. முதல் டிஸ்க் இன்னும் என் அலமாரியில், 'ஏ' என்று எழுதிய டேப்போடு இருக்கிறது. அதற்குத் தலை மாற்றத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.